காக்கை இறங்காத மாடி

அத்தியாயம் 14

"பூனை மேல கூடையைக் கவுத்தாச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ!"

"கவுக்கறேன், கவுக்கறேன். குட்டிக்குப் பசி அடங்கட்டும்னு பார்க்கறேன்."

"பசி அடங்கறதாவது! அந்தப் பூனை வயித்துல பாலா இருக்கு? அறுத்துத் தச்ச பூனை, ஜெயா! வெறும் தோலைச் சப்பிண்டு கிடக்கு அந்தக் குட்டி. அது சப்பி முடிக்கிற வரைக்கும் எங்கக்கா திவசம் காத்துண்டு நிக்கணுமா?"

"மெதுவாப் பேசு நீரஜா. வாத்தியார் வாசல்ல வந்துட்டார்."

"வரட்டுமே! மடிச் சமையல் நடக்கிற ஆத்துல மீன்காரி கூடையில வந்த குட்டி இருக்குன்னு அவருக்கும் தெரியட்டும்!"

தெரியாமல் என்ன? நீரஜாவின் குரல் மயிலாப்பூர் சித்திரக்குளத்தின் அக்கரைவரை போகிற குரல். அக்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்கத் தவறியவர்களுக்குச் சாயங்காலம் கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் சொல்லப்பட்டது.

பெட்டியும் படுக்கையும் இரண்டு பிள்ளைகளுமாக அடையாறிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாளே, அந்த நீரஜாதான். செத்துப்போன வசுமதிக்கு ஒரே தங்கை. புருஷனுக்கு டெல்லிக்கு மாற்றல். அவர் முன்னாலேயே போய் வீடு பார்த்துவிட்டார். நாளைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் இவள் கிளம்பவேண்டும். போகிறபோது அக்காவின் பெண் ஸ்நேஹாவையும் அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. டிக்கெட் வாங்கவேண்டாத வயசு அந்தக் குழந்தைக்கு. "மடியில உக்காத்தி வச்சுண்டு போயிடுவேன் அத்திம்பேர்" என்று நீரஜா சொன்னபோது, அத்திம்பேர் சுவாமிநாதன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே "சரி" என்றுவிட்டார். வருஷாப்தீகத் திவசம் முடியட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று வாக்கு.

வாக்குக் கொடுக்கும்போது தன் தங்கை ஜெயலக்ஷ்மியை ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், இல்லை.

வசுமதி போன நாளிலிருந்து குழந்தைக்குச் சோறு ஊட்டியதும் தலை பின்னியதும் ஜுரத்தில் நெற்றியில் பத்துப் போட்டதும் ஜெயாதான். ஜாதகம் சேரவில்லை, சேரவில்லை என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஜாதகம் கேட்பாரே இல்லாமல் போன ஜெயா. தி. நகரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழந்தையை அனுப்பாதே என்று அண்ணாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எந்த உரிமையில் கேட்பாள்? நீரஜா அதையும் நேற்று இலையில் மோர் விழுகிற நேரத்தில் நாசூக்காகச் சொல்லிவிட்டாள்: "பெத்தவாளுக்குத்தான் தெரியும் ஜெயா, அதெல்லாம்."

பூனைக்கு மட்டும் அது தெரியவில்லை.

பூனையின் பெயர் துக்கடா. வசுமதி வைத்தது. முதல் ஈட்டுக் குட்டிகளைக் கடுவன் ஒன்று கடித்துப் போட்டபோது வசுமதி நாளெல்லாம் அழுதாள். இனி இந்தப் பாடே வேண்டாம் என்று வேப்பேரி மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் பண்ணிவிட்டாள். "இனிமே அதுக்குக் குட்டி நினைப்பே வராதும்மா" என்றார் டாக்டர். அப்புறம் அவளுக்கே மனசு கேட்கவில்லை. வாயில்லா ஜீவனை ஒரு வார்த்தை கேட்காமல் பண்ணிவிட்டோமே என்று அரற்றிக்கொண்டிருந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து தெருவோடு மீன் கொண்டுபோகிற எஸ்தரிடம் சொல்லியும் வைத்தாள்: தாயில்லாத குட்டி கிடைத்தால் கொண்டுவந்து கொடு.

ஐப்பசி மழையோடு வந்த ஜுரம் வசுமதியைக் கொண்டுபோயிற்று. குட்டி கேட்டதை எல்லோரும் மறந்தார்கள். எஸ்தர் மறக்கவில்லை. திவசத்துக்கு முந்தின சனிக்கிழமை கதவைத் தட்டினாள்.

"இன்னாம்மா செய்யறது, வசும்மா கேட்டுகினே இருந்துச்சு. அது இருக்கசொல்லோ ஒண்ணும் கெடைக்கல. இப்ப கட்டுமரத்துக்குக் கீய கத்திகினு கெடந்துது. தூக்கியாந்துட்டேன். வோணாம்னா சொல்லு, எட்த்துனு பூட்றேன்."

வேண்டாம் என்று சொல்ல ஜெயாவால் முடியவில்லை. கேட்டவள் இல்லாதபோது எப்படிச் சொல்வது?

துக்கடா முதலில் சீறியது. முதுகு மயிரெல்லாம் குத்திட்டு, பீரோ மேலே ஏறி உட்கார்ந்து, சாப்பிடக்கூட இறங்கவில்லை. "பார்த்தேளா, அதுக்கே பிடிக்கலை" என்றாள் நீரஜா.

மறுநாள் அந்தி. விளக்கேற்றுகிற நேரம். பின்கட்டு அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ர்ர்ர்ரும்.

ஜெயா கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் நழுவியது. நாக்கை மடித்து உருட்டி, கடைசியில் உதட்டை மூடிக்கொள்கிற அந்தச் சத்தம். வசுமதி குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம். ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் எழுப்பாத சத்தம்.

"அம்மா வந்துட்டா!" என்று ஸ்நேஹா ஓடினாள்.

சுவாமிநாதன் ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்கவில்லை. கை மட்டும் சேரின் கட்டையைப் பிடித்துக்கொண்டது.

பின்கட்டில் துக்கடா அந்தக் குட்டியை முன்னங்கால்களுக்கு நடுவில் அமுக்கிப் பிடித்து, காதிலிருந்து வால்வரை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி நிறுத்தி, மறுபடி: ர்ர்ர்ரும். பூனை அதை வசுமதியிடம் கற்றதா, வசுமதி பூனையிடம் கற்றாளா என்று யோசிக்க அன்றைக்கு யாருக்கும் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் விளக்கேற்றினபின் யாரும் பின்கட்டுக்குத் தனியாகப் போகவில்லை. ஸ்நேஹாவைத் தவிர.

திவசத்தன்றைக்கு அந்த வீட்டில் வாசலில் கோலம் கிடையாது, பூனை கூடைக்குள்ளே. சுவாமிநாதனின் தாத்தா காலத்தில் ஏதோ ஒரு பூனை எள்ளுருண்டையைத் தட்டிவிட்டதாம். அதிலிருந்து வழக்கம். பூனை இல்லாத வருஷங்களில்கூட வெறும் கூடையைக் கவிழ்த்து மேலே அம்மிக்குழவியை வைத்தார்கள் என்று மாடவீதியில் ஒரு பேச்சு உண்டு. இந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு அதை நம்புவதில் கஷ்டம் இருக்காது.

இந்த வருஷம் பூனை இருந்தது. சண்டை முடிந்ததும் ஜெயா குட்டியைப் பிரித்தெடுத்தாள். துக்கடாவைக் கூடையில் கவிழ்த்து, குழவியை ஏற்றினாள்.

"இதை?" என்று குட்டியைக் காட்டினாள்.

"தெருவுல விடுங்கோ" என்றாள் நீரஜா.

"எங்கேயாவது கண்ணுக்கு மறைவா வை ஜெயா" என்றார் சுவாமிநாதன், பஞ்சகச்சத்தைச் செருகிக்கொண்டே. அவருக்கு எல்லாமே கண்ணுக்கு மறைவாக நடந்தால் போதும்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அண்டையில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் சரிவு. அதன் கீழே வசுமதியின் பழைய வீணைப்பெட்டி, வீணை இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஜெயா குட்டியை அதில் போட்டு, மேலே ஒரு கிழிந்த துண்டையும் போட்டுவிட்டு வந்தாள்.

கீழே மந்திரம் ஆரம்பமாயிற்று. பின்கட்டில் துக்கடாவும் ஆரம்பித்தது.

கத்தியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அது கத்தவில்லை. கூப்பிட்டது. மூங்கில் பின்னலுக்குள்ளிருந்து அடங்கிப்போய், தூரத்து அறையில் யாரோ படுத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி. ர்ர்ர்ரும். கொஞ்சம் நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி.

"இடம் பண்ணிக்கோங்கோ" என்றார் வாத்தியார்.

சுவாமிநாதன் பூணூலைத் தோள் மாற்றி இடம் பண்ணிக்கொள்ள வேண்டிய நேரத்தில் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார்.

"இடம், இடம்! என்ன ஸ்வாமி, கவனம் எங்கே இருக்கு?"

எங்கே இருக்கும்? பின்கட்டில்தான். சமையல்கட்டில் நீரஜா அதிரசத்தைத் திருப்பாமலே கருகவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சண்டைக்காரியானாலும் அக்காவின் தங்கை. அவளுக்குக் கேட்காதா அந்தக் குரல்?

ஜெயா பின்கட்டுக்குப் போனாள். கூடைக்குப் பக்கத்தில் ஸ்நேஹா சம்மணமிட்டு உட்கார்ந்து, மூங்கில் சந்தில் வாயை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வரேன்மா. இதோ வரேன்."

ஜெயா குழந்தையைத் தூக்கிச் சமையல்கார மாமியிடம் விட்டாள். திரும்பி வந்து குழவியை இறக்கிக் கூடையைத் தூக்கினாள். இந்தச் சத்தம் நின்றால் போதும் என்றுதான். அப்போது அவள் மனசில் வேறொன்றும் இல்லை. இது முக்கியம்.

துக்கடா அவள் காலை உரசிக்கொண்டு மாடிப்படியில் பாய்ந்தது. ஜெயா வெறும் கூடையைப் பழையபடி கவிழ்த்து, குழவியையும் ஏற்றிவைத்தாள். சத்தம் நின்றுவிட்டது.

பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். பிண்டம் ஆயிற்று. "மாடியில கைப்பிடிச்சுவரை அலம்பி வை ஜெயா. காக்காய்க்கு வைக்கணும்" என்று அண்ணா குரல் கொடுத்தார்.

சொம்பு ஜலத்தோடு ஏறின ஜெயா படி முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

ஈரத் தரையெல்லாம் கறுப்பு இறகுகள். வீணைப்பெட்டி விளிம்பில் துக்கடா, உடம்பைப் பதுக்கிக்கொண்டு, காதை மடித்து, வாலை மட்டும் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டு. பெட்டிக்குள்ளே குட்டி. அதன் காதோரம் ஒரு கொத்தின் ரத்தம். குட்டியைக் கொத்த இறங்கின காக்கை எதுவோ நன்றாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. மற்ற காக்கைகளெல்லாம் எதிர்வீட்டு டிவி ஆன்டெனாவிலும் கேபிள் ஒயரிலும் வரிசையாக உட்கார்ந்து இந்த மாடியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் கத்தவில்லை.

ஜெயா அவசர அவசரமாக இறகுகளைக் கூட்டித் தொட்டிக்குப் பின்னால் தள்ளினாள். பூனையைத் தூக்கலாம் என்று குனிவதற்குள் படியில் காலடி கேட்டது. சட்டென்று சரிவுக்கு முன்னால் போய் நின்று புடவைத் தலைப்பை விரித்துக்கொண்டாள். பூனையும் பெட்டியும் அவளுக்குப் பின்னால் மறைந்தன.

சுவாமிநாதன் வாழையிலைத் துண்டில் பிண்டத்தைக் கைப்பிடிச்சுவரில் வைத்தார். நீரஜா வந்தாள். அப்பாவின் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்நேஹாவும் வந்தாள். வாத்தியார் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

"கா... கா... கா..."

ஆன்டெனாவிலிருந்து ஒன்று கிளம்பிற்று. சுவருக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. ஜெயாவின் பின்னாலிருந்து மெல்லிய உறுமல். காக்கை திரும்பிப் போய்விட்டது.

"கா... கா..."

ஒன்றும் வரவில்லை. பொழுது போயிற்று. மேகம் கூடிக்கொண்டு வந்தது. மயிலாப்பூரில் காக்கைக்குப் பஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை. நிமிஷத்தில் இலையோடு தூக்கிக்கொண்டு போகிற ஜாதி. அக்கம்பக்கத்து மாடிகளில் வற்றல் எடுக்கிற சாக்கில் தலைகள் முளைத்தன.

"போனவாளுக்கு ஏதோ மனக்குறை இருக்கு" என்றார் வாத்தியார். அவருக்கு மந்தைவெளியில் இன்னொரு வீடு காத்துக்கொண்டிருந்தது. "என்னன்னு நெனச்சுப் பார்த்து, செய்யறேன்னு வாய்விட்டுச் சொல்லுங்கோ. சொன்னா எடுத்துண்டுடும்."

சுவாமிநாதன் கை கூப்பினார். "வசு... உன் வீணையை யாருக்கும் கொடுக்கலை."

காக்கைகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன.

"நீ வச்ச பவழமல்லியை வெட்டலை."

பவழமல்லியை ஆவணியிலேயே வெட்டியாயிற்று. பயத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

"நகருங்கோ அத்திம்பேர்." நீரஜா முன்னால் வந்தாள். "அக்கா! உன் பொண்ணை நான் என் பொண்ணா வளர்க்கறேன். என் பசங்களுக்கு ஒரு பிடி குறைச்சாலும் அவளுக்குக் குறைக்கமாட்டேன். உன் மேல சத்தியம். எடுத்துக்கோ அக்கா..."

அவள் கையை வீசிச் சொன்ன வேகத்தில் காக்கைகள் மொத்தமாக எழும்பிக் கோபுரப் பக்கம் போய்விட்டன.

பக்கத்து மாடியில் யாரோ "ஐயோ" என்றார்கள். நீரஜாவின் முகம் விழுந்துவிட்டது. அவள் ஸ்நேஹாவைக் கேட்டது பெண் இல்லாத ஏக்கத்தில் மட்டும் என்று ஊர் சொன்னது சரியில்லை. ஸ்நேஹா திரும்பிப் பார்க்கிறபோது கழுத்து வசுமதி மாதிரியே வளையும். நீரஜாவுக்கு அந்தக் கழுத்து வேண்டியிருந்தது.

ஜெயா நின்ற இடத்தில் நின்றாள். இதில் கணக்குக்கு மீறினது ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியும். ஓர் அடி விலகி, "இதோ பூனை" என்று சொன்னால் போதும். வசை விழும். பூனையைக் கீழே கொண்டுபோவார்கள். காக்கை வந்து தின்னும். நாளைக்கு ஸ்நேஹா ரயில் ஏறுவாள்.

அவள் வாய் திறக்கவில்லை.

ஓடிப்போன காக்கைகள் ஒவ்வொன்றாக ஆன்டெனாவுக்குத் திரும்பின. சுவாமிநாதன் அவற்றைப் பார்த்தார். பிறகு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக, தன் குழந்தையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இவளை அனுப்பறதுதான் உனக்குப் பிடிக்கலையா வசு?"

குழந்தையின் தலையில் கையை வைத்தார்.

"இவ பேசினா நீ பேசற மாதிரி இருக்கு. என்னால கேட்க முடியலை. அதான் சரின்னுட்டேன்... அனுப்பலை. எங்கேயும் அனுப்பலை. ஸ்நேஹா ஜெயாகிட்டயே இருப்பா. அவதான் வளர்ப்பா. சத்தியம்."

ஜெயா கணக்குப் போட்டாள். இப்போதுதான். இந்த நிமிஷம் பூனையை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் காக்கை இறங்கும். அண்ணாவின் சத்தியம் கல்லில் எழுதினதாகிவிடும். கையைப் பின்னால் கொண்டுபோனாள். தலைப்புக்குக் கீழே துழாவினாள்.

கை பூனைமேல் படவே இல்லை.

துக்கடாவின் உறுமல் தானாக நின்றது. ஜெயா ஓரக்கண்ணால் பார்த்தாள். மடிந்திருந்த காது நிமிர்ந்தது. வால் அடங்கிற்று. பூனை காக்கைகளைப் பார்க்கவில்லை; மாடிப்படிக் கதவைப் பார்த்தது. தெரிந்தவர்கள் வந்தால் பார்க்கிற பார்வை.

ர்ர்ர்ரும்.

மாடியில் எல்லோருக்கும் கேட்டது. பூனை கீழே கூடைக்குள் இருப்பதாகத்தான் எல்லோருக்கும் நினைப்பு. சுவாமிநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் வாய்க்குள் ஏதோ ஜபிக்க ஆரம்பித்தார்.

துக்கடா பெட்டிக்குள் இறங்கிச் சரிந்து படுத்துக்கொண்டது. குட்டி அந்தப் பாலில்லாத வயிற்றைத் தேடி முட்டிற்று.

காக்கை இறங்கிவிட்டது. ஒன்று, பின்னால் இன்னொன்று, பிறகு கூட்டம். இலை மிஞ்சவில்லை.

கதவில் யாரும் இல்லை. ஜெயா திரும்பத் திரும்பப் பார்த்தாள். திறந்த கதவு, ஈரப் படி, அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இறங்குகிறபோது ஸ்நேஹா முதல் படியில் நின்று, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எதிரில் வருகிறவர்களுக்கு வழி விடுகிற மாதிரி. கொஞ்சம் பொறுத்து, பிறகு இறங்கினாள்.

"ஏன்டி கண்ணா ஒட்டிண்டே?" என்று கேட்கலாம். ஜெயா கேட்கவில்லை.

"ஒரு நிமிஷம் நில்லுங்கோ ஜெயா." பின்னாலிருந்து நீரஜா. ஜெயாவின் புடவைத் தலைப்பிலிருந்து எதையோ எடுத்தாள். ஈரமான கறுப்பு இறகு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜெயாவின் முகத்தைப் பார்த்தாள். கீழே இறங்கிப் போய்க் கைப்பையைத் திறந்து அதற்குள் போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கட்டையைக் கிடத்தின வேளையில் நீரஜா பின்கட்டுக்குப் போனதைச் சமையல்கார மாமி பார்த்தாள். குழவியை இறக்கினாளாம். கூடையைத் தூக்கினாளாம். உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, பழையபடி கவிழ்த்து, குழவியையும் வைத்துவிட்டு வந்தாளாம். இதை மாமி யாரிடமும் சொல்லவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள்.

மறுநாள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் நீரஜா தன் இரண்டு பிள்ளைகளோடு மட்டும் ஏறினாள். ஜன்னல் கம்பி வழியாக ஸ்நேஹாவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். வாக்கு மீறினதற்கு அத்திம்பேரை ஒரு சொல் சொல்லவில்லை. அத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு அவள் பேசாமல் போனதுதான் ஜெயாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த இறகோடு அவள் திரும்பி வரத்தான் போகிறாள்; வந்து யார் முன்னால் கைப்பையைத் திறப்பாள் என்பதுதான் ஜெயாவுக்குத் தெரியவில்லை.

பின்னால் நடப்பதை முன்னால் சொல்வது தொடர்கதைக்கு அழகில்லை. ஆனாலும் மயிலாப்பூரில் யாரால் வாயை அடக்க முடிகிறது? சுவாமிநாதன் பங்குனியில் மறுகல்யாணம் பண்ணிக்கொண்டார். பெண் கிண்டியில் ஏதோ கம்பெனியில் டைப்பிஸ்ட். பூனை என்றால் தும்மல் வருமாம். ஜெயா ஸ்நேஹாவை அழைத்துக்கொண்டு மந்தைவெளிக்குக் குடிபோனாள். பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்களே, அதற்கு எதிரே மாடிப் போர்ஷன். துக்கடா அதே மூங்கில் கூடையில் போயிற்று, இந்தத் தடவை நிமிர்த்தி வைத்து. குட்டியும் கூடவே. தாயைவிடப் பெரிய உருவமாக வளர்ந்துவிட்ட பிறகும் அது அந்த வெறும் வயிற்றை விடவில்லை.

புது வீட்டில் மாடிப்படி குறுகல். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. குடிபோன அன்றைக்கே ஸ்நேஹா அதில் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் ஏறினாள்.

கொஞ்ச நாளில் ஜெயாவும் அப்படியே ஏறப் பழகிக்கொண்டாள்.